200 கிராம் மூங்கிலில் 71 கிராம் லிக்னினா?

9 ஜனவரி, இரவு 9.10
கேட்டவர்: திருப்புல்லாணி மாணவன்

அண்ணே, எம்.எஸ்சி. புராஜெக்ட். மூங்கிலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வடிந்த கறுப்புத் தண்ணீரில் பேட்டரி ஆசிட் ஊற்றி லிக்னின் (நாரை ஒட்டிப் பிடித்துவைக்கும் பசை மாதிரியான பொருள்) எடுத்தேன். காய்ந்த மூங்கில் சில்லு 200 கிராம், காஸ்டிக் 32 கிராம், தண்ணீர் 1 லிட்டர், குக்கரில் 3 மணி நேரம். பிஎச் 5 வந்ததும் ஆசிட்டை நிறுத்தி, துணியில் வடிகட்டி, போர் தண்ணீரில் ஒரு தடவை அலசி, மொட்டைமாடியில் காயவைத்தேன். 71 கிராம் பழுப்புத் தூள் கிடைத்தது. 35.5 சதவீதம். புத்தகத்தில் மூங்கிலில் லிக்னின் 20-லிருந்து 30 சதவீதம்தான் போட்டிருக்கிறது. கடற்கரை மூங்கிலில் லிக்னின் கூடுதல் என்று முடிவு எழுதலாமா? கைடு எழுதச் சொல்கிறார்.

9 ஜனவரி, இரவு 10.25

எழுதாதே.

பேப்பர் ஆலை லேபில் 27 வருஷம் கறுப்புத் தண்ணீரோடு குடித்தனம் நடத்திவிட்டு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆலையில் அதை யாரும் கறுப்புத் தண்ணீர் என்று சொல்வதில்லை, பிளாக் லிக்கர்தான். ஆசிட் ஊற்றினால் அதிலிருந்து பழுப்பாக ஏதோ விழும். விழுந்ததெல்லாம் லிக்னின் என்றால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டு எண் கொடு. 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்தால் எவ்வளவு குறைகிறது? 525 டிகிரி மஃபிள் ஃபர்னஸில் வைத்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது? இது தெரியாமல் 71 என்ற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. நம் ஊர் மொட்டைமாடியில் காய்ந்தது காய்ந்ததே அல்ல. கருவாடே சாயங்காலம் ஆனால் திரும்ப ஈரம் இழுத்துக்கொள்கிறது.

10 ஜனவரி, காலை 6.50

டீ குடிக்கும்போது போட்ட கணக்கு. 32 கிராம் காஸ்டிக் என்றால் 0.8 மோல். சல்ஃபூரிக் ஆசிட்டால் முழுக்கச் சரிக்கட்டினால் 0.4 மோல் சோடியம் சல்ஃபேட், அதாவது 57 கிராம். உன் பாத்திரத்தில் லிக்னின் அளவுக்கே உப்பும் இருந்திருக்கிறது. வடிகட்டிய களியில் ஊறிக்கிடந்த தண்ணீர் 120 மில்லி என்று வை, அதோடு ஏழு கிராம் போல சல்ஃபேட் தங்கியிருக்கும். ஒரு அலசல் போதாது.

அலசியதும் போர் தண்ணீரில்! திருப்புல்லாணிப் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உன் 71 கிராமில் பாதி அந்தத் தண்ணீர் கொடுத்த உப்பாகத்தான் இருக்கும். இதுதான் விடை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறேன்.

(16-ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கவும். இந்தக் கடைசிப் பத்தியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், எனக்கே பாடமாக இருக்கட்டும்.)

12 ஜனவரி, இரவு 11.05

மூங்கில் என்றால் சிலிக்காவைச் சொல்லாமல் நகர முடியாது. மூங்கில் புல் வகை. நெல், கரும்பு மாதிரி மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சிப் பச்சைத்தோலில் அடைத்துவைக்கும். அரிவாள் சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். காஸ்டிக்கில் வேகவைத்தால் சிலிக்கா சோடியம் சிலிக்கேட்டாகக் கரைந்து லிக்கரோடு வந்துவிடும். மர ஆலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூங்கிலோ வைக்கோலோ ஓட்டுகிற ஆலைக்கு இதுதான் தலைவலி. லிக்கரைக் காய்ச்சிச் சுண்டவைக்கிற எவாப்பரேட்டர் குழாய்களில் கண்ணாடி மாதிரிப் படியும். வருஷாந்திரப் பராமரிப்பில் அந்தச் செதிலை உளியால் தட்டி எடுத்ததை என் மேசையில் வெகுநாள் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்தேன். பார்க்கச் சாம்பல் நிறத்தில் ஓட்டுச்சில் மாதிரி இருக்கும். நகத்தால் கீறினால் நகம்தான் தேயும்.

லிக்கரின் பிஎச் 13-க்குப் பக்கத்தில் இருக்கும். ஆசிட்டோ கார்பன் டை ஆக்சைடோ விட்டு இறக்கிக்கொண்டே வந்தால் 10 பக்கத்தில் சிலிக்கா விழும். அதை முதலில் வடித்துவிடு. பிறகு 9-க்குக் கீழே போனால் லிக்னினின் ஃபீனால் பகுதிகள் சோடியத்தை விட்டுவிட்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். மின்னூட்டம் போனதும் ஒன்றையொன்று தள்ளிவிட எதுவும் இல்லாமல் திரண்டு உட்கார்ந்துவிடும். 2-க்குப் போனால் மிச்சமிருக்கும் கார்பாக்சில் பகுதிகளும் அடங்கும். நீ நேராக 5-க்கு இறக்கிச் சிலிக்கா, லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் (நாரோடு இருக்கும் சர்க்கரைச் சங்கிலி) மூன்றையும் ஒரே துணியில் அள்ளியிருக்கிறாய். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்த சோறு அது.

13 ஜனவரி, போகி

ஒருவர் கேட்டது: பிஎச் பேப்பரே கறுத்துவிடுகிறதே, எப்படிப் பார்ப்பது? பேப்பரின் நுனியை மட்டும் தொடு. கறுப்பு பின்தங்கும், அதற்கு முன்னால் தெளிந்த ஈரம் ஒரு மெல்லிய கரையாக ஏறும். அந்தக் கரையின் நிறத்தைப் பார். மீட்டர் இருந்தால் மீட்டரே வை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி நுனியை நீர்த்த காஸ்டிக்கில் முக்கிக் கழுவு. லிக்னின் படிந்த மீட்டர் கூசாமல் பொய் சொல்லும்.

16 ஜனவரி, மாலை 4.30

பொங்கல் முடிந்து தம்பி ஃபர்னஸ் பக்கம் போயிருக்கிறான். ஈரம் 12.8 சதவீதம். காய்ந்த தூளில் சாம்பல் 31 சதவீதம்.

முப்பத்தொன்றா! நான் பார்த்த மோசமான களியில்கூட இவ்வளவு இல்லை.

கணக்கு: 71 கிராமில் ஈரம் போக 62. அதில் சாம்பல் 19 கிராம், எரிந்துபோன பகுதி 43. இந்த 43-லும் ஹெமிசெல்லுலோஸ் கலந்திருக்கும். ஆக உன் 35.5 சதவீதம் இப்போதே 21-க்கு வந்துவிட்டது. கைடிடம் சொல்லிவிடு.

சரி, அந்த 19 கிராம் யாருடையது? சல்ஃபேட் 7. மூங்கிலில் சிலிக்கா 2 சதவீதம் என்று தாராளமாக வைத்து, அத்தனையும் கரைந்து வந்ததாக எடுத்துக்கொண்டாலும் 4. போர் தண்ணீர்? இங்கேதான் நான் உளறியிருக்கிறேன். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள மோசமான தண்ணீர் என்றே வைப்போம். களியில் தங்குவது 120 மில்லி. உப்பு அரை கிராம்கூட வராது. நாய் செத்தாலும் உப்புத் தண்ணீர், பல் விழுந்தாலும் உப்புத் தண்ணீர் என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரன் புத்தி எனக்கும் வந்துவிட்டது. 10-ஆம் தேதி எழுதியது தப்பு.

ஆக 11 கிராம் சொல்லிவிட்டேன். 8 கிராம் அநாதையாக நிற்கிறது.

16 ஜனவரி, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. தம்பி, குக்கர் என்றாயே, எந்தக் குக்கர்?

17 ஜனவரி, காலை 7.15
திருப்புல்லாணி மாணவன்: அம்மாவுடையது அண்ணே. 5 லிட்டர் அலுமினியம். உள்ளே இப்போது கறுத்து, சின்னச் சின்னக் குழியாக இருக்கிறது. விசில் வழியாக நிறைய காற்று வந்தது, மூங்கில் வாசனை என்று நினைத்தேன்.

17 ஜனவரி, காலை 7.40

அட பாவி.

காஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். நீ விசிலில் பார்த்த காற்றில் நீராவியோடு அதுவும் இருந்தது. கீழே கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 8 கிராம் அலுமினிய ஆக்சைடு என்றால் சுமார் 4 கிராம் உலோகம் கரைந்திருக்கிறது. அதற்கு ஐந்து லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன். உன் அதிர்ஷ்டம் ஜன்னல் திறந்திருந்தது. இனிமேல் அந்தக் குக்கரில் சோறும் வேண்டாம், புராஜெக்டும் வேண்டாம். குழி விழுந்த பாத்திரத்துக்கு அழுத்தம் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆலையில் சேர்ந்த முதல் மாதம் காஸ்டிக் சாம்பிள் எடுத்துவா என்று அனுப்பினார்கள். கையில் கிடைத்த அலுமினியத் தூக்கில் பிடித்து மூடிக்கொண்டு வந்தேன். மாடிப்படி ஏறுவதற்குள் மூடி பட்டென்று பறந்து சுவரில் அடித்தது. சட்டையில் இரண்டு ஓட்டை. கண்ணில் படாதது குலதெய்வம் செய்த வேலை. அன்றைக்குப் போட்ட கண்ணாடியை ரிட்டயர் ஆகும்வரை கழற்றவில்லை.

இப்போது வேதியியல். கரைந்த அலுமினியம் காஸ்டிக்கில் அலுமினேட்டாக நிற்கும். பிஎச் இறங்கும்போது ஹைட்ராக்சைடாக, கஞ்சி ஆடை மாதிரி விழும். இன்னும் இறக்கி 3-க்குக் கீழே போனால் திரும்பக் கரைந்துவிடும். நீ நின்ற இடம் 5. அது உட்காருவதற்கு நாற்காலி போட்ட மாதிரியான இடம். 2 வரை போயிருந்தால் பெரும்பகுதி வடிநீரோடு ஓடியிருக்கும், குக்கர் போன கதை வெளியே தெரிந்தே இருக்காது.

17 ஜனவரி, பகல் 1.20

மேலே சொன்னதில் ஒரு ஒட்டு. சிலிக்கேட்டும் அலுமினேட்டும் ஒன்றாக இருந்தால் காரத்திலேயே இரண்டும் கைகோத்து அலுமினோசிலிக்கேட்டாக விழும். ஆலைக் குழாய்ச் செதிலிலும் அந்த ஜாதி உண்டு. அது பிஎச் 2-க்கு அவ்வளவு எளிதில் மசியாது. அதனால் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதே.

சந்தேகம் தீர ஒரு வழி. தூளில் 10 கிராம் எடு. பிஎச் 2-க்குக் கொண்டுவந்த தண்ணீரில் 50, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கு. வடி. வடிநீரில் பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் செய்ததைச் செய்: அம்மோனியம் குளோரைடு, பிறகு அம்மோனியா. வெள்ளையாகக் கூழ் விழுந்து, அது காஸ்டிக்கில் கரைந்தால் மூன்றாம் தொகுதி அலுமினியம். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு, அப்போது என்னைத் திட்டு.

அலச ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துக்கொள். கல்லூரியில் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு இண்டெண்ட் போட்டுக் காத்திருப்பதற்குள் படிப்பே முடிந்துவிடும். ஏசித் தண்ணீர் ஆவி குளிர்ந்து சொட்டுவது, உப்பு இருக்காது. தூசிக்கு ஒரு தடவை வடிகட்டிக்கொள். போர் தண்ணீர் எடையைக் கூட்டவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்காக அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது. அதிலுள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் லிக்னினின் அமிலக் கைகளில் போய் ஒட்டிக்கொள்ளும், பைகார்பனேட் பிஎச்சை ஏற்றிக் கொஞ்சம் லிக்னினைத் திரும்பக் கரைத்தும்விடும். நீ ஒரே தடவை அலசியதால் தப்பித்தாய். பத்துத் தடவை அலசியிருந்தால் கதை வேறு.

19 ஜனவரி, இரவு 8.00

தனிச்செய்தியில் ஒருவர்: “சொந்தக்காரர் பேப்பர் மில்லில் இருக்கிறார், 20 லிட்டர் கேன் பிளாக் லிக்கர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வீட்டிலேயே ஆசிட் போடலாமா?”

கூடாது. தம்பி செய்தது வெறும் காஸ்டிக் சமையல். மில் லிக்கர் கிராஃப்ட் முறையாக இருந்தால் அதில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். ஆசிட் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தெரிந்துவிடுமே என்று நினைப்பார்கள். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக உள்ளே நிற்பான். 1000 பிபிஎம் போனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். நான் இருந்த இடத்தில் லிக்கர் ஓடும் சாக்கடையில் ஆசிட் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். பிழைத்தார்கள். கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

24 ஜனவரி, இரவு 10.10

நானே ஒரு கை பார்த்தேன். மச்சான் பாசி வளர்க்கிறார். பத்துப் பன்னிரண்டடிச் சதுரத்தில் மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுப்பு. மிதவை மூங்கில் கொஞ்ச காலத்தில் புழு அரித்து, சிப்பி ஒட்டிக் கரையில் குவிந்துவிடும். அடுப்புக்குத்தான் போகும். அதில் கணு இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்து, சிப்பியைச் சுரண்டிவிட்டு (விட்டால் அதுவேறு சுண்ணாம்பு), நான்கு நாள் காவேரித் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரைத் தினம் மாற்றினேன். வீட்டில் குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரில் மூங்கிலை ஊறப்போட்டதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஒரு வேடிக்கை. புது மூங்கிலில் அயோடின் சொட்டுவிட்டால் நீலக்கறுப்பாகத் துலங்கும், மாவுச்சத்து. மிதவை மூங்கிலில் நிறமே ஏறவில்லை. கடலில் ஊறிக் கிடந்ததில் போய்விட்டது. பழைய ஆட்கள் பந்தல் மூங்கிலைக் கண்மாயில் ஊறப்போட்டு எடுப்பது உளுத்துப்போகாமல் இருக்க. உளுப்புப் பூச்சிக்குத் தீனியே அந்த மாவுதான். காஸ்டிக்கையும் மாவு வீணாகத் தின்னும். அந்த வகையில் மிதவை மூங்கில் நமக்கு லாபம். ஆனால் எந்த ஆலையும் இதை வாங்காது. கறுப்பு லிக்கரைச் சுண்டக் காய்ச்சிப் பாய்லரில் எரித்துத்தான் காஸ்டிக்கைத் திரும்ப எடுக்கிறார்கள். அதில் கடலுப்பின் குளோரைடு ஏறினால் சாம்பல் சீக்கிரம் உருகிக் குழாயில் அப்பிக்கொள்ளும், இரும்பையும் அரிக்கும்.

சிலிக்காவை முதலில் இறக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். ஆலையில் புகைபோக்கி வாயுவையே லிக்கரில் விடுவார்கள். நமக்குப் புகைக்கா பஞ்சம்? சீமைக்கருவேலங்கரி அடுப்பு ஒன்றை மூட்டி, மேலே புனலைக் கவிழ்த்து, மீன்தொட்டி மோட்டாரால் புகையை இழுத்து லிக்கரில் விட்டேன். இருபது நிமிஷத்தில் குழாய் உருகியது. மோட்டார் செத்தது. பிஎச் 12.9-லிருந்து 12.7. பிறகு சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி வந்த வாயுவை விட்டு வேலையை முடித்தேன். பொறுமை வேண்டும், மாலை ஆகிவிட்டது.

25 ஜனவரி, காலை 9.00

12-ஆம் தேதிக் குறிப்புக்குத் திருத்தம். “10-ல் சிலிக்கா, 9-க்குக் கீழே லிக்னின்” என்று வரப்பு வெட்டிய மாதிரி எழுதியிருந்தேன். அப்படி இல்லை. 10-க்கு வந்ததும் அடியில் தங்கிய சேற்றை எரித்துப் பார்த்தேன், மூன்றில் இரண்டு பங்குதான் சாம்பல். மீதி லிக்னின். பெரிய மூலக்கூறுகள் முந்திக்கொண்டு விழுகின்றன. மேலே நின்ற தெளிவிலும் சிலிக்கா கொஞ்சம் மிச்சம். சுத்தம் வேண்டுமென்றால் லிக்னினில் கொஞ்சம் பறிகொடுக்கத்தான் வேண்டும்.

27 ஜனவரி, இரவு 9.45

ஆசிட் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். லிக்கரை 70 டிகிரியில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 2-ல் அரை மணி நேரம் அப்படியே சூட்டில் நிறுத்தினால் துகள்கள் பருத்து மணல் மாதிரி வடியும். எனக்கே தெரியும். அவசரத்தில் ஆறிய லிக்கரில் சடசடவென்று ஊற்றினேன். முதலில் நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது (விட்ட கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாக நின்றதே, அது திரும்பி வருகிறது). பிறகு எல்லாம் கேழ்வரகுக் கூழ். வேட்டித்துணியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டும் கால் டம்ளர்தான் வடிந்தது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு: உறையவைத்து உருக்குவது. ஐஸ் கட்டி உருவாகும்போது தண்ணீர் தனியே படிகமாகி, துகள்களை இடுக்கில் தள்ளி நெருக்கும். உருகும்போது அவை பிரிந்து போகாமல் கட்டியாகவே நிற்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க அனுமதி இல்லை. நேராக ஐஸ் பிளாண்ட்டுக்குப் போய், உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கேன்கள் முங்கிக் கிடக்கிற ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலைக் கயிறு கட்டி இறக்கினேன். அங்கிருந்த பையன், “என்ன மாமா, கருப்பட்டிப் பாகா?” என்றான். நக்கிப் பார்த்துவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை கருங்கல் மாதிரி இருந்தது. உருகியதும் அடியில் டிகாக்ஷன் போட்டுமுடித்த காபித்தூள் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் வடிந்தது.

2 பிப்ரவரி

லிக்கர் பாட்டிலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர், “பனிச்சங்காய்ச் சாறா தம்பி?” என்றார். நூல்வலை இருந்த காலத்தில் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையை முக்கிக் காயப்போடுவார்களாம். நைலான் வந்ததும் போயிற்று. நிறம் ஒன்றுதான், சரக்கு வேறு. அது டானின். வெறும் தண்ணீரிலேயே இறங்கிவிடும். லிக்னினைப் பிரிக்கக் காஸ்டிக்கும் சூடும் வேண்டும், பிரித்தாலும் நல்ல தண்ணீரில் கரையாது. ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. மூங்கில் நாளுக்கு நாள் பழுப்பேறுவது இரண்டுக்கும் பொதுவான ஃபீனால் புத்தி.

6 பிப்ரவரி, மாலை 6.20
திருப்புல்லாணி மாணவன்: அண்ணே, வெள்ளைக் கூழ். காஸ்டிக் விட்டதும் கரைந்துவிட்டது. கழுவிய தூளில் சாம்பல் 31-லிருந்து 5.4.

6 பிப்ரவரி, மாலை 6.35

குக்கர்தான். அந்த 5.4 பெரும்பாலும் சிலிக்காவும், 17-ஆம் தேதி பகலில் சொன்ன கைகோத்த ஜோடியுமாக இருக்கும்.

11 பிப்ரவரி, இரவு 10.30

தம்பி பழைய தூளின் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியில் எடுப்பது) வரைபடத்தை அனுப்பியிருக்கிறான். 1118 செ.மீ⁻¹-ல் கோபுரம் மாதிரி ஒரு சிகரம், பக்கத்தில் “சிரிஞ்சில் வளையம்” என்று எழுதியிருக்கிறான் (சிரிஞ்சில், குவாயாசில் எல்லாம் லிக்னினைக் கட்டும் அலகுகள்). 617-ல் கூர்மையாக ஒன்று, அதற்கு “வளைய சி-ஹெச்”. இரண்டும் சோடியம் சல்ஃபேட்டின் கையெழுத்து. லிக்னினில் 1120 பக்கத்தில் சிரிஞ்சில் சிகரம் வருவது உண்மைதான், அதனால்தான் ஏமாறுகிறோம். பெயரும் இடமும் பொருந்துகிறது, உயரம் பொருந்தவில்லை. 1510-ஐ விட அது மூன்று மடங்கு ஓங்கி நின்றால் சந்தேகப்பட வேண்டாமா?

கழுவிய தூளின் படம் அழகாக இருக்கிறது. 1600, 1510, 1425 வளையங்கள். 1328-ல் சிரிஞ்சில், 1265-ல் குவாயாசில். 833-ம் இருக்கிறது. 1165-ல் ஒரு தோள் தெரிகிறதே, அதுதான் புல் ஜாதியின் அடையாளம், மூன்று வகை அலகும் கலந்த லிக்னின். பைன் மர லிக்னின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து “ஒத்துப்போகிறது” என்று எழுதாதே. பைனில் சிரிஞ்சில் பேருக்குத்தான் இருக்கும்.

3400-ல் அகலமான மேடும் 1640-ல் ஒரு புடைப்பும் இருக்கிறது. 3400-ல் லிக்னினுக்கும் பங்கு உண்டு, ஆனால் 1640-ம் கூடவே வந்தால் உன் பொட்டாசியம் புரோமைடு வில்லை குடித்த ஈரமும் சேர்ந்திருக்கிறது. தை மாசப் பனியில் ஜன்னலைத் திறந்துவைத்து வில்லை அழுத்தினால் அப்படித்தான். தூளையும் உப்பையும் 105-ல் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அழுத்து. வெறும் உப்பில் ஒரு வில்லை செய்து அதையும் ஓட்டிப் பார்.

யுவியில் (புற ஊதா ஒளியில் எடுத்த படத்தில்) 280 பக்கம் மேடு வந்ததாம், சரி. 310-க்கு அப்பால் தோள் இல்லை என்று கவலைப்படுகிறான். புல் லிக்னினில் கூமாரிக், ஃபெருலிக் அமிலங்கள் எஸ்டராகத் தொங்கும். காஸ்டிக் சமையலில் அந்த எஸ்டர் உடைந்து அவை கழன்றுவிடும். நன்றாகக் கழுவிய தூளில் தோள் இல்லாததுதான் நியாயம்.

12 பிப்ரவரி

டிஜிஏ (சூடேற்றிக்கொண்டே எடை குறைவதைப் பார்ப்பது) பற்றி ஒரு வரி. 800 டிகிரியில் 50 சதவீதம் கரி மிஞ்சியது, நல்ல கரிமப் பொருள் என்று அத்தியாயம் 4-ல் எழுதியிருக்கிறான். 31 சதவீதம் சாம்பல் உள்ள சரக்கில் ஓட்டிய படம் அது. கிழித்துப் போடு.

20 பிப்ரவரி, இரவு 9.00

இரண்டாம் சமையல். கல்லூரி ஆட்டோகிளேவில் எவர்சில்வர் தூக்குக்குள் 121 டிகிரி, 3 மணி நேரம். (கண்ணாடி பாட்டிலில் வைக்கட்டுமா என்றான். சூடான காஸ்டிக் கண்ணாடியையும் தின்னும், சிலிக்காவை நாமே ஊட்டிவிட்ட மாதிரி ஆகும்.) அதே 200 கிராம், அதே 32 காஸ்டிக். பிஎச் 10-ல் ஒரு வடிப்பு, 70 டிகிரியில் 2 வரை, ஏசித் தண்ணீரில் நான்கு அலசல். கடைசி அலசல் நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மை தட்டவில்லை, சல்ஃபேட் போய்விட்டது.

காய்ந்த எடை 33 கிராம். சாம்பல் 2.2.

கிளாசன் (லிக்னின் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) செய்தான்: 72 சதவீத சல்ஃபூரிக்கில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 4 சதவீதத்துக்கு நீர்த்து ஆட்டோகிளேவில் ஒரு மணி நேரம். மிஞ்சிய கசடையும் எரித்துச் சாம்பலைக் கழிக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் சிலிக்காவும் கிளாசன் லிக்னினாக வேஷம் போடும். 84 சதவீதம். அமிலத்தில் கரைந்த லிக்னின் 6. புல் வகைக்கு இந்த ஆறை விட்டுவிடக் கூடாது. ஆக 33-ல் 30 கிராம் போல லிக்னின். மூங்கில் சில்லில் நேரடியாகப் பார்த்தது 25 சதவீதம், அதாவது 50 கிராம். ஐந்தில் மூன்று பங்கு கைக்கு வந்திருக்கிறது. ஆலையில் 160, 170 டிகிரியில் வேகவைப்பார்கள். 121-க்கு இது மோசமில்லை, மீதி பல்ப்பிலேயே நிற்கிறது.

71 போய் 33 ஆனதில் கைடுக்கு முகம் வாடிவிட்டதாம். கடற்கரை மூங்கில் அத்தியாயம் போயே போய்விட்டது. அதற்குப் பதில் பாத்திரம் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். அனுப்பினான், நன்றாக இருக்கிறது.

23 பிப்ரவரி, காலை 8.10

அம்மாவுக்கு அதே கம்பெனி, அதே அளவில் புதுக் குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டானாம். பழையதையும் புதியதையும் மூடி இல்லாமல் கல்லூரித் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறான். பழையது 11 கிராம் குறைவு. “நம் 4 கிராம் இதில் இருக்கிறது அண்ணே, சேர்த்துக்கொள்ளவா?” என்கிறான். வேண்டாம். பத்து வருஷம் அவன் அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததை எந்தக் கணக்கில் கழிப்பது?